கோல் கம்பத்தில் சாய்ந்து உட்கார்ந்தவர்

1990 ஆகஸ்ட் 25. இங்கிலாந்து ஃபுட்பால் லீகில் அந்த சீசனின் முதல் நாள். லிவர்பூல் நகரத்தின் குடிசன் பார்க் மைதானத்தில் எவர்ட்டனுக்கும் லீட்ஸுக்கும் ஆட்டம், சொந்த மண்ணிலேயே எவர்ட்டன் நன்றாக அடி வாங்கிக்கொண்டிருக்கிறது. இடைவேளை விட்டதும் எல்லோரும் உள்ளே போனார்கள். அங்கே மேனேஜர் சத்தம் போடுவார், ஆட்டக்காரர்கள் தரையைப் பார்த்துக்கொண்டு கேட்பார்கள், அதுதான் வழக்கம். எவர்ட்டனின் கோல்கீப்பர் நெவில் சவுத்தால் மட்டும் மற்றவர்கள் வருவதற்கு ரொம்ப முன்னாலேயே தனியாக வெளியே வந்தார், தன் கோல் வரைக்கும் நடந்து போனார், கம்பத்தில் முதுகைச் சாய்த்துக் காலை நீட்டி உட்கார்ந்துவிட்டார். மைதானம் நிறைய ஜனம் பார்த்துக்கொண்டிருக்கிறது, அவர் யாரையும் பார்க்கவில்லை.

அந்தப் புகைப்படம் இன்றைக்கும் சுற்றிக்கொண்டிருக்கிறது. ஏதோ வேலைநிறுத்தம் செய்ததைப் போலத்தான் மறுநாள் பத்திரிகைகள் எழுதின, ஏனென்றால் தன்னை வேறு கிளப்புக்கு விற்றுவிடுங்கள் என்று அவர் கேட்டிருந்த சமயம் அது. அவரோ, போராட்டமெல்லாம் இல்லை, கொஞ்சம் அமைதியாக உட்கார்ந்து தலையைத் தெளிவாக்கிக்கொள்ளப் போனேன், அவ்வளவுதான் என்றே பின்னாளில் சொல்லியிருக்கிறார். ஆட்டம் 3-2 என்று லீட்ஸுக்குப் போனது.

நெவில் சவுத்தால் என்ற பெயரைச் சொன்னால் எண்பதுகளில் இங்கிலாந்து ஃபுட்பால் பார்த்தவர்களுக்கு ஒரு மீசை நினைவுக்கு வரும், அப்புறம் சேறு படிந்த சட்டை. ட்விட்டர் வழியாக அவரைத் தெரிந்துகொண்ட இளைய தலைமுறைக்கு அவர் வேறொரு ஆள்: பள்ளிக்கூடம் வெளியே தள்ளிய பிள்ளைகளோடு வேலை செய்பவர், தொழிற்சங்கக்காரர், தன் கணக்கையே பாலியல் தொழிலாளர்களுக்கும் திருநர்களுக்கும் பேசக் கொடுத்தவர். இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்து, ஒரு பழைய கோல்கீப்பர் இப்படி மாறிவிட்டாரே என்று வியப்பவர்கள் நிறைய. எனக்கு அவர் மாறியதாகவே தெரியவில்லை. ஏன் என்பதற்கு அவருடைய ஆட்டக் காலத்தையே கொஞ்சம் விரிவாகப் பார்க்க வேண்டியிருக்கிறது.

வேல்ஸின் வட கடற்கரையில் லான்டிட்னோ என்று ஒரு ஊர். (தமிழில் இப்படித்தான் எழுத முடிகிறது. முதலில் வரும் அந்த ‘ல’ நம்முடைய லகரம் இல்லை. நாக்கை லகரத்துக்கு வைப்பதுபோல வைத்துக்கொண்டு ஓரத்தில் காற்றை ஊத வேண்டும், ழகரம் வெளியாட்களை என்ன பாடு படுத்துமோ அதே பாடு.) விக்டோரியா காலத்தில் பணக்காரர்கள் கடல் காற்று வாங்க வந்த ஊர், இப்போதும் வெள்ளை வெள்ளையாக ஹோட்டல்கள் வரிசை கட்டி நிற்கும். 1958 செப்டம்பர் 16 அன்று சவுத்தால் அங்கே பிறந்தார். இந்த வருடத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வரும்.

பள்ளி முடித்த பிறகு அவர் செய்த வேலைகள்: ஹோட்டல் சர்வர், கட்டிட வேலையில் செங்கல் சுமக்கும் சித்தாள், அப்புறம் ஊர்க் குப்பைத்தொட்டிகளைக் காலி செய்யும் வண்டியில் வேலை. வார இறுதியில் லான்டிட்னோ டவுன், கான்வி யுனைடெட், பேங்கர் சிட்டி என்று அக்கம்பக்கத்துச் சின்ன அணிகளுக்கு கோல் காப்பார். இது பெரிய விஷயமா என்றால், அந்த ஊர் ஃபுட்பாலில் பெரிய விஷயம்தான். பெரிய கிளப்புகளில் ஆடிய பையன்கள் பெரும்பாலும் பள்ளி வயதிலேயே அங்கே சேர்க்கப்பட்டு, பதினாறில் பயிற்சி ஆட்டக்காரராகி, சீனியர்களின் பூட்ஸ் துடைத்து, அவர்களின் கேலியைத் தாங்கி, அந்த உடைமாற்றும் அறையின் பாஷையிலேயே வளர்ந்தவர்கள். சவுத்தால் அப்படி வளரவில்லை. இங்கிலாந்தின் வின்ஸ்ஃபோர்ட் யுனைடெட் என்ற லீகுக்கு வெளியே உள்ள அணியிலிருந்து 1980-ல் பரி கிளப் அவரை 6,000 பவுண்டுக்கு வாங்கியபோது அவருக்கு 21 வயது. அடுத்த வருடமே எவர்ட்டன் மேனேஜர் ஹோவர்ட் கெண்டல் 1,50,000 பவுண்டு கொடுத்துக் கூட்டிப் போனார். குப்பை வண்டியில் நின்றவர் சில வருடத்தில் முதல் டிவிஷனில் நிற்கிறார். கிளப்பின் ஆள் என்பதற்கு முன்னாலேயே அவர் ஒரு முழு ஆளாக இருந்தார் என்பதுதான் இதில் எனக்கு முக்கியம்.

உடனே எல்லாம் நடந்துவிடவில்லை. 1982 நவம்பர் 6-ல் குடிசன் பார்க்கிலேயே லிவர்பூல் வந்து 5-0 என்று அடித்துவிட்டுப் போனது. ஐந்தில் நான்கு கோல் இயன் ரஷ் போட்டது, அவரும் வேல்ஸ்காரர், நாட்டு அணியில் சவுத்தாலின் சகா. அன்றைக்கு எவர்ட்டனின் டிஃபென்ஸில் முதல்முறையாக இறங்கிய கிளென் கீலி முதல் பாதியிலேயே வெளியேற்றப்பட்டார், மிச்ச நேரம் பத்துப் பேர்தான், ஆனாலும் கோல் விழுந்தால் முதலில் கீப்பரின் தலைதான் உருளும். அணியில் இடம் போனது. நான்காம் டிவிஷனில் இருந்த போர்ட் வேலுக்குக் கடனாக அனுப்பப்பட்டார். அங்கே ஒன்பது லீக் ஆட்டம்.

திரும்பி வந்த பிறகு நடந்ததைச் சொன்னால் கதைபோல இருக்கும். 1983-84 சீசனின் நடுவில் கெண்டலையே வேலையை விட்டுத் தூக்கிவிடுவார்கள் என்ற நிலைமை. அதே சீசன் முடிவில் எஃப்.ஏ. கோப்பை இறுதியில் வாட்ஃபோர்டை 2-0 என்று வென்றார்கள். அடுத்த சீசன், 1984-85, லீக் சாம்பியன், 90 புள்ளி, இரண்டாமிடத்து லிவர்பூலைவிட 13 அதிகம். கூடவே ரோட்டர்டாமில் ரேபிட் வியன்னாவை 3-1 என்று வென்று ஐரோப்பாவில் உள்நாட்டுக் கோப்பை வென்ற அணிகளுக்கான கோப்பையும். அந்தத் தொடரின் ஒன்பது ஆட்டத்தில் எவர்ட்டன் வாங்கிய மொத்த கோல் இரண்டு.

லீக் பட்டம் அவர்கள் கைக்கு வந்தது 1985 ஏப்ரலில் லண்டனில் டாட்டன்ஹாமுக்கு எதிராக ஆடிய இரவில்தான் என்று பழைய ரசிகர்கள் சொல்வார்கள். இரண்டு அணிக்கும் பட்டத்தில் கண். எவர்ட்டன் 2-1 என்று முன்னால் இருக்கிறது, ஆட்டம் முடியப் போகிறது. கோலுக்கு மிக அருகிலிருந்து மார்க் ஃபால்கோ தலையால் முட்டுகிறார், நேராக மேலே க்ராஸ்பாருக்குக் கீழே. அந்த வீடியோவை நான் பலமுறை மெதுவாக ஓட்டிப் பார்த்திருக்கிறேன். முட்டும் வரைக்கும் சவுத்தால் ஒரு பக்கமும் சாயவில்லை. பெரும்பாலான கீப்பர்கள் அந்த நொடியில் ஏதோ ஒரு பக்கத்தை ஊகித்து விழுந்திருப்பார்கள், இவர் இரண்டு காலிலும் நிற்கிறார், பந்து கிளம்பிய பிறகுதான் மேலே எழும்புகிறார், பந்து பாருக்கு மேலே போகிறது. ஃபால்கோ கோல் என்றே நினைத்துவிட்டார். பாய்ந்து பிடிக்கும் கீப்பரைத்தான் கூட்டம் ரசிக்கும், கடைசி நொடி வரை பாயாமல் நிற்பவரின் அருமை எதிரில் நின்று அடிப்பவனுக்குத்தான் தெரியும்.

அந்த வருடம் ஃபுட்பால் எழுத்தாளர்கள் சங்கத்தின் ஆண்டின் சிறந்த ஆட்டக்காரர் விருது அவருக்குப் போனது. அதற்கு முன் அதை வாங்கிய கீப்பர்கள் மூன்றே பேர்: பெர்ட் ட்ரவுட்மன், கார்டன் பேங்க்ஸ், பேட் ஜென்னிங்ஸ். அவருக்குப் பிறகு இன்றுவரை ஒரு கீப்பருக்கும் கிடைக்கவில்லை.

இப்போது ஒரு பெரிய ‘ஆனால்’. எவர்ட்டன் கோப்பை தூக்கிய இரண்டு வாரத்தில், 1985 மே 29-ல், பிரஸ்ஸல்ஸ் ஹெய்ஸல் மைதானத்தில் லிவர்பூல்-யுவென்டஸ் இறுதி ஆட்டத்துக்கு முன் நடந்த கலவரத்தில் 39 பேர் இறந்தார்கள். இங்கிலாந்து கிளப்புகளுக்கு ஐரோப்பாவில் ஆடத் தடை விழுந்தது, 1990 வரைக்கும். லீக் சாம்பியன்களுக்கான ஐரோப்பிய கோப்பையில் 1985-லும், திரும்ப பட்டம் வென்றதால் 1987-லும் எவர்ட்டன் இறங்கியிருக்க வேண்டியது, இரண்டும் போனது. உலகின் சிறந்த கீப்பர் என்று பலர் சொன்ன ஒருவரை, அவருடைய உச்ச வருடங்களில், ஐரோப்பா தன் மைதானங்களில் ஒரு கிளப் ஆட்டத்தில்கூடப் பார்க்கவில்லை.

நாட்டு அணிக்காக ஆடி உலகத்துக்குக் காட்டியிருக்கலாமே என்றால், அங்கேதான் அந்த 1958 வருகிறது. அவர் பிறப்பதற்கு மூன்று மாதம் முன்பு ஸ்வீடனில் நடந்த உலகக் கோப்பையில் வேல்ஸ் கால் இறுதி வரை போய், பிரேசிலிடம் 1-0 என்று தோற்றது. கோல் போட்டது 17 வயது பெலே, உலகக் கோப்பையில் அவருடைய முதல் கோல், வேல்ஸ் கீப்பர் ஜாக் கெல்ஸி. அதற்கப்புறம் வேல்ஸ் ஒரு பெரிய தொடரின் இறுதிச் சுற்றுக்குள் கால் வைத்தது 2016-ல், நாடுகளுக்கான ஐரோப்பியக் கோப்பையில்தான். அந்த 58 வருட இடைவெளிக்குள் சவுத்தாலின் 92 ஆட்டமும் அடங்கிவிட்டது. ரஷ், மார்க் ஹ்யூஸ், கெவின் ராட்கிளிஃப், கடைசிக் காலத்தில் ரயன் கிக்ஸ் என்று ஆட்களுக்குக் குறைவில்லை. அன்றைக்கு மூன்று மில்லியனுக்கும் குறைவான மக்கள் இருந்த நாடு, முதல் பதினொன்றில் நாலைந்து பேர் உலகத் தரம், மிச்ச இடத்துக்குத் திண்டாட்டம், ஒருவருக்கு அடிபட்டால் மாற்று கிடையாது. போதாததற்கு 1992 வரை அந்த ஐரோப்பியக் கோப்பையில் மொத்தமே எட்டு அணிக்குத்தான் இடம், 2016-ல் அது 24 ஆகியிருந்தது.

இரண்டு முறை வாசல் வரைக்கும் போனார்கள். 1985 செப்டம்பரில் கார்டிஃபில் ஸ்காட்லாந்தை வெல்ல வேண்டும், ஹ்யூஸ் கோல் போட்டு 1-0, முடிய பத்து நிமிடம் இருக்கும்போது கையில் பட்டதாக பெனால்டி கொடுத்தார்கள். டேவி கூப்பர் அடித்ததை சவுத்தால் சரியான பக்கம் விழுந்தும் தடுக்க முடியவில்லை. 1-1, கதை முடிந்தது. அன்றிரவு ஸ்காட்லாந்து மேனேஜர் ஜாக் ஸ்டீன் அதே மைதானத்தில் மயங்கி விழுந்து இறந்துபோனதால், யார் தகுதி பெற்றார்கள் என்ற பேச்சே அடங்கிப்போனது.

இரண்டாவது, 1993 நவம்பர் 17, கார்டிஃப் ஆர்ம்ஸ் பார்க். ருமேனியாவை வென்றால் 1994 அமெரிக்க உலகக் கோப்பைக்குப் போகலாம். ருமேனியாவின் ஹாஜி தூரத்திலிருந்து இடது காலால் ஒன்றை அடித்தார், ரொம்ப வேகம்கூட இல்லை, சவுத்தால் கீழே விழுந்தார், பந்து அவர் உடம்புக்கு அடியில் நழுவி உள்ளே போனது. 35 வயது, முட்டிகள் பழைய மாதிரி மடங்கவில்லை என்று சொல்லலாம், ஆனால் எப்படிச் சொன்னாலும் அது அவர் பிடித்திருக்க வேண்டிய பந்து. டீன் சாண்டர்ஸ் சமன் செய்தார், அடுத்த சில நிமிடத்திலேயே வேல்ஸுக்கு பெனால்டி, பால் போடின் அடித்தது பாரில் மோதியது. கடைசியில் ருமேனியா இன்னொன்று போட்டு 2-1. வேல்ஸில் அந்த இரவைப் பற்றிக் கேட்டால் எல்லோரும் போடினின் பெனால்டியைத்தான் சொல்கிறார்கள், ஹாஜியின் கோலைச் சொல்வதில்லை. பெனால்டிக்குத் தனியாக ஒரு மேடை இருக்கிறது, கீப்பரின் தவறுக்கு இல்லை என்பதாலோ என்னவோ, பாவம் போடின் ஒருவரே சுமக்கிறார்.

இடையில் ஒரு காயத்தையும் சொல்ல வேண்டும். 1986 மார்ச்சில் டப்ளினில் அயர்லாந்துடன் நட்பு ஆட்டம், ஜாக் சார்ல்டன் அயர்லாந்து மேனேஜராக இறங்கிய முதல் ஆட்டமும் அதுதான். ரக்பி ஆடிக் குழி விழுந்த மைதானத்தில், குதித்து இறங்கும்போது சவுத்தாலின் கணுக்கால் விலகிவிட்டது. சீசன் முடிந்தது. எவர்ட்டன் லீகை லிவர்பூலிடம் இரண்டே புள்ளியில் விட்டது, எஃப்.ஏ. கோப்பை இறுதியிலும் லிவர்பூலிடமே 3-1. மாற்று கீப்பர் பாபி மிம்ஸைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை, நன்றாகவே ஆடினார். ஆனாலும் அந்த இரண்டு புள்ளியைப் பற்றி எவர்ட்டன்காரர்கள் இன்னும் பெருமூச்சு விடுகிறார்கள். 1986 அக்டோபரில் அவர் திரும்பி வந்தார், அந்த சீசனில் லீக் பட்டமும் திரும்பி வந்தது.

அப்புறம் எவர்ட்டன் இறங்குமுகம். அவருக்கும் வயதாகிறது, உடம்பு பருக்கிறது. 1992-ல் சட்டம் மாறி, சொந்த அணிக்காரர் காலால் தட்டிவிட்ட பந்தைக் கீப்பர் கையால் எடுக்கக்கூடாது என்றானது. முப்பத்துமூன்று வயது வரை கையால் பிழைத்தவர்களை, இனிமேல் காலாலும் ஆடு என்று சொன்னால் எப்படி இருக்கும். இருந்தும் 1995 எஃப்.ஏ. கோப்பை இறுதியில், 36 வயதில், மான்செஸ்டர் யுனைடெட் கடைசிவரை முட்டிக்கொண்டே இருக்க, பால் ஸ்கோல்ஸ் அடித்ததைத் தடுத்து, திரும்பி வந்ததையும் அவர் அடிக்க, அதையும் காலால் தடுத்தார். எவர்ட்டன் 1-0. அன்றிரவு கிளப்பின் விருந்துக்குப் போகாமல் காரை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார். குடிக்காத மனிதர், கூட்டம் பிடிக்காதவர். எவர்ட்டனுக்காக மொத்தம் 751 ஆட்டம், அந்த கிளப்பில் அதை இன்னும் யாரும் தாண்டவில்லை.

1997-98-ல் எவர்ட்டனில் இடம் போன பிறகு அவர் ஆடிய கிளப்புகளை வரிசையாகச் சொன்னால் பஸ் ரூட் மாதிரி இருக்கும்: சவுத்எண்ட், ஸ்டோக், டான்காஸ்டர், டார்கி... டார்கியில் அடிமட்ட டிவிஷனில் ஆடி, 1999-ல் அந்த கிளப்பின் சிறந்த ஆட்டக்காரர் விருதுகூட வாங்கினார். 2000 மார்ச்சில் பிராட்ஃபோர்ட் சிட்டியில் கீப்பர்களுக்கு அடிபட்டதால் அவசரமாகக் கூப்பிட, 41 வயதில், லீட்ஸுக்கு எதிராக பிரீமியர் லீகில் ஒரே ஒரு ஆட்டம். சட்டை பிதுங்கிக்கொண்டு நின்றதைக் கேலி செய்தவர்கள் உண்டு. ஒரு விஷயத்தில் தேர்ந்தவன் அதைச் சின்ன இடத்தில் செய்வதைப் பார்த்து ஏன் பரிதாபப்பட வேண்டும் என்று எனக்குப் புரிந்ததே இல்லை. மேனேஜர் வேலையும் பார்த்தார்: 1999-ல் டென்மார்க்குடன் ஒரு ஆட்டத்துக்கு ஹ்யூஸோடு சேர்ந்து வேல்ஸ் அணியைத் தற்காலிகமாகக் கவனித்தார், நிரந்தரப் பதவி ஹ்யூஸுக்குப் போனது. டோவர், ஹேஸ்டிங்ஸ், மார்கேட் என்று லீகுக்கு வெளியே உள்ள அணிகளையும் நடத்தினார். எதுவும் பெரிதாக ஒட்டவில்லை.

ஒட்டியது வேறு. படிப்பும் இல்லாமல் வேலையும் இல்லாமல் நிற்கும் இளைஞர்களோடு முதலில் இங்கிலாந்தின் கென்ட் பக்கம் வேலை செய்தார். பிறகு தென் வேல்ஸில் எப்பு வேல் ஊர்ப் பக்கம், வழக்கமான பள்ளிகளில் வைத்துக்கொள்ள முடியாது என்று அனுப்பப்பட்ட பிள்ளைகளுக்கான பள்ளியில். அது இரும்பாலை ஊர், ஆலை 2002-ல் மூடிவிட்டது. பிரிட்டனின் இலவச மருத்துவத்தை உருவாக்கிய அன்யூரின் பெவன் அந்தத் தொகுதியின் எம்.பி.யாகத்தான் இருந்தார், சங்கமும் போராட்டமும் ஊறிய மண். சவுத்தால் யூனிசன் தொழிற்சங்கத்தில் சேர்ந்து பொறுப்பும் எடுத்துக்கொண்டார். அங்கே வரும் பிள்ளைகளுக்கு எவர்ட்டனும் தெரியாது, 1985-உம் தெரியாது. பெயரைக் காட்டி மிரட்ட வழியில்லாத இடம், அது அவருக்கு ஒத்துப்போயிருக்கும் என்றே நினைக்கிறேன்.

ட்விட்டர் கதை இதிலிருந்து கிளைத்ததுதான். ஒரு லட்சத்துக்கும் மேல் பேர் தொடரும் கணக்கு, பெரும்பாலும் ஃபுட்பால் ரசிகர்கள், அதிலும் ஆண்கள். பாலியல் தொழிலாளர்களின் சிக்கல் பற்றி ஏதோ கேட்கப் போய், எனக்கென்ன தெரியும், தெரிந்தவர்களே பேசட்டுமே என்று, மாலை நேரத்தில் சில மணி நேரத்துக்குக் கணக்கை அவர்கள் கையிலேயே கொடுத்துவிட்டார். அவர்கள் கேள்விக்குப் பதில் சொல்வார்கள், அவர் குறுக்கே வரமாட்டார். அப்புறம் திருநர் அமைப்புகள், தற்கொலைத் தடுப்பு, போதையிலிருந்து மீண்டவர்கள், மனநலம் பேசுபவர்கள் என்று வரிசையாக வந்தார்கள். நடுநடுவே எலும்புக்கூடு படங்களைப் போட்டு அவர் அடிக்கும் அசட்டு ஜோக்குகளும் ஓடும். பிரபலங்கள் நல்ல காரியத்துக்குக் குரல் கொடுப்பது புதிதில்லை. குரலைக் கொடுக்காமல் மைக்கைக் கொடுத்துவிட்டு ஓரமாகப் போய் உட்கார்ந்தவர்கள் அப்போது அதிகம் இல்லை. மனநலமும் ஃபுட்பாலும் பற்றி 2020-ல் ஒரு புத்தகமும் எழுதினார்.

வேல்ஸுக்கு அவர் ஆடிய 92 ஆட்டம் என்ற சாதனையை 2018-ல் கிறிஸ் கன்டர் தாண்டினார், பிறகு கேரத் பேல் அதையும் தாண்டி 111-ல் நின்றார். 2022-ல் வேல்ஸ் உலகக் கோப்பைக்கும் போய் வந்துவிட்டது. குடிசன் பார்க்கில் எவர்ட்டன் ஆண்கள் அணி கடைசி ஆட்டத்தை 2025 மே மாதம் ஆடிவிட்டு, ஆற்றங்கரைப் புது மைதானத்துக்குப் போய்விட்டது. மைதானத்தை இடித்துவிடுவார்கள் என்றுதான் பலரும் நினைத்திருந்தார்கள். இப்போது அங்கே எவர்ட்டன் பெண்கள் அணி ஆடுகிறது.